பட்டுவின் மூச்சை எண்ணிய இரவுகள்

எங்கள் வீட்டில் எதற்கும் ஒரு கணக்கு உண்டு. பாவுக்கு எத்தனை இழை, கரைக்கு எத்தனை இழை, முந்தானைக்கு எவ்வளவு ஜரிகை என்று பொழுது விடிந்தால் எண்ணிக்கைதான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் எந்த வீட்டில் எட்டிப் பார்த்தாலும் இதே கதைதான். ஆனால், ஒரு நாயின் மூச்சையும் உட்கார்ந்து எண்ண வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"நாய்க்கு வந்த நோயையெல்லாம் எழுத வந்துவிட்டாளே!" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். வளர்க்காதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சோதனைக் கூடத்திலிருந்து வரும் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, ஒன்றுமில்லை!" என்று நிம்மதியாகத் தூங்கிப் போன ஒருத்தியின் கதை இது. அந்த ஒருத்தி நான்தான்.

அத்தையின் செல்லம்

பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது 2011-ல். என் மகளின் தோழி வீட்டில் போட்ட குட்டி. பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளை வெளேரென்று பொமரேனியன். பெயர் வைத்தது மகள். "பட்டு நெய்யிற வீட்டுல வேற என்ன பேரும்மா வைக்கிறது?" என்றாள்.

இவருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. நாயின் முடி ஒன்று பறந்து வந்து ஜரிகையில் ஒட்டிக்கொண்டால் புடவை என்ன ஆவது? அதனால் தறி இருக்கும் அறைக்குள் பட்டு வரக் கூடாது என்று கண்டிப்பான சட்டம். அதுவும் புரிந்துகொண்டது. வாசற்படிக்கு வெளியே முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தபடியே இருக்கும்.

அடுத்த ஆண்டே என் மாமனார் காலமாகிவிட்டார். அத்தையும் அவரும் ஒரே தறியில் நாற்பது வருஷம் வேலை செய்தவர்கள். கோர்வைப் புடவை என்றால் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அத்தையுடையது. அவர் போன பிறகு அத்தை யாரிடமும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "வச்சிட்டுப் போம்மா" என்பதோடு சரி. பட்டுதான் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அத்தை ஒரு வாய் எடுத்தால்தான் தானும் தின்பேன் என்று அடம் பிடித்தது. நாய்க்காகச் சாப்பிட ஆரம்பித்துத்தான் அத்தை தேறினார்கள். எங்களுக்குப் பட்டு வெறும் நாய் அல்ல என்பதற்கு இது போதாதா?

இருமல்தானே என்று இருந்தோம்

2022 ஆரம்பத்தில் பட்டுவுக்குப் பதினோரு வயது. இரவில் படுத்த கொஞ்ச நேரத்தில் இருமும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி "கக் கக்" என்று இரண்டு தடவை, அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எலும்பு சிக்கியிருக்கும் என்றார் இவர். அடுப்புப் புகை என்றேன் நான். மாடிப்படியில் பாதி ஏறி நின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். "வயசாயிடுச்சு இல்ல, எனக்கு மாதிரிதான்" என்றார்கள் அத்தை.

சித்திரை பிறந்து, தடுப்பூசிக்காக உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. நான் பயந்துவிட்டேன்.

"இதயம் 'லப்-டப்'னு அடிக்கணும்மா. இதுக்கு நடுவுல 'ஷ்ஷ்'னு ஒரு சத்தம் கேக்குது. ஆறு படி வச்சா, இது நாலாவது படி. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். சென்னை வேப்பேரிக்குப் போயிட்டு வந்துடுங்க. அதுக்கு முன்னால ஒரு ரத்தப் பரிசோதனையும் அனுப்பிப் பாக்கலாம்" என்றார்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் விளக்கினார். இதயத்தின் இடப்பக்கத்தில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. மைட்ரல் வால்வு என்று பெயர். இரண்டு மெல்லிய இதழ்கள். அவற்றை நூல் நூலான நாண்கள் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. சின்ன ஜாதி நாய்களுக்கு வயதாக ஆக, இதழ்களின் ஓரம் தடித்துச் சுருண்டு, நாண்கள் தொய்ந்து போகின்றன. கதவு சரியாகச் சாத்துவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் வந்த வழியே பின்னுக்குப் பீய்ச்சுகிறது. அந்தச் சத்தம்தான் "ஷ்ஷ்".

வீட்டில் வந்து சொன்னபோது இவர் உடனே புரிந்துகொண்டார். "பாவு தொய்ஞ்சா துணி எப்படி ஒழுங்கா வரும்?" என்றார்.

நாய்களுக்கு வரும் இதய நோய்களில் மிகவும் அதிகமாகக் காணப்படுவது இதுதானாம். பொமரேனியன், டாக்ஸ்ஹண்ட் போன்ற சிறிய நாய்களுக்கு வரும். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்ற ஜாதிக்கு இளம் வயதிலேயே வரும். பரம்பரையும் வயதும்தான் முக்கியக் காரணங்கள். "நான் போட்ட சாப்பாட்டாலயா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்லவே இல்லம்மா" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

ரத்தத்தில் என்ன தெரியும்?

இதயத்தின் நிலைமை ரத்தத்தில் எப்படித் தெரியும்? எனக்கும் அதே சந்தேகம்தான்.

அளவுக்கு மீறி ரத்தம் தேங்கி இதயத்தின் சுவர் இழுபடும்போது, அந்தத் தசை ஒரு பொருளைச் சுரந்து, "உப்பையும் நீரையும் வெளியே தள்ளு, எனக்குப் பாரம் தாங்கவில்லை" என்று சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்புகிறது. பி.என்.பி. என்று அதற்குப் பெயர். 1988-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதை முதலில் பன்றியின் மூளையில் கண்டுபிடித்தார்கள். அதனால் பெயரிலும் மூளை ஒட்டிக்கொண்டது. இதயம்தான் இதை அதிகமாகச் சுரக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

இதயத்தில் இது முதலில் ஒரு நீளச் சங்கிலியாக உருவாகி, இரண்டாக வெட்டுப்படுகிறது. ஒரு துண்டு வேலை செய்யப் போகிறது. மற்றது வேலையில்லாத மிச்சம். அதன் பெயர் என்.டி.புரோ பி.என்.பி. வேலை செய்கிற துண்டு சீக்கிரம் மறைந்துவிடும். மிச்சத் துண்டு ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். அதனால் அதைத்தான் அளக்கிறார்கள். சாப்பிட்டு எழுந்தவரின் இலையில் கிடக்கும் முருங்கைக்காய்ச் சக்கையைப் பார்த்து எத்தனை துண்டு தின்றார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, அந்த மாதிரிதான்.

நாய்களுக்குப் பரவலாகக் கையாளப்படும் ஒரு கணக்குப்படி, இது லிட்டருக்கு 900 பிகோமோலுக்குள் இருந்தால் இதயத்தின் பாரம் அதிகமில்லை என்று பொருள். 1,800-க்கு மேல் போனால் பாரம் அதிகம். அப்படிப்பட்ட நாய்க்கு மூச்சு வாங்கினால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நடுவில் இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொதுவாக, வால்வு நோய் முற்ற முற்ற இந்த எண்ணும் ஏறும்.

டிரோபோனின் என்று இன்னொன்றும் பார்ப்பதுண்டு. அது இதயத் தசைக்குள்ளேயே இருக்க வேண்டிய பொருள். தசை நைந்து சேதப்பட்டால் ரத்தத்தில் கசிகிறது. ஆகவே, முதல் எண் இழுபடும் பாரத்தையும், இரண்டாவது எண் தசைக்கு ஏற்பட்ட சேதத்தையும் காட்டுகின்றன. மனிதர்களுக்கும் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் இவற்றைத்தான் பார்க்கிறார்கள், அளவுகள்தான் வேறு.

நான் செய்த தப்பு

இனி நான் செய்ததைக் கேளுங்கள்.

மே மாதம், கத்திரி வெயில். டாக்டர் காலையிலேயே ரத்தம் எடுத்து, சின்ன டப்பாவில் ஐஸ் போட்டுக் கொடுத்து, "நேரா லேபுக்குக் கொண்டு போயிடுங்க, தாமதம் பண்ணாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். வழியில் காந்தி ரோட்டில் ஜரிகை வாங்க வேண்டியிருந்தது. அங்கே நின்றேன். அப்படியே உறவினர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும் வாங்கிக்கொண்டேன். சோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஐஸ் தண்ணீராகி, டப்பா வெதுவெதுவென்றிருந்தது. "வழியில தாமதமாச்சா?" என்று அங்கிருந்த பையன் கேட்டபோது, "இல்லப்பா, இப்பதான் எடுத்தது" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

நான்கு நாள் கழித்துத் தாள் வந்தது. 680. 900-க்குள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. காமாட்சி அம்மனுக்கு நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். டாக்டரிடம் காட்டினேன். "எண் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குக் கேட்ட சத்தம் கேட்டதுதான். ஸ்கேனை விட்டுடாதீங்க" என்றார்.

விட்டுவிட்டோம். அப்போது தறியில் ஒரு கல்யாணப் புடவை. முகூர்த்த நாளைச் சொல்லி வாங்கிய ஆர்டர். சென்னைக்குப் போய் வந்தால் ஒரு நாள் தறி நிற்கும். "அதான் ரத்தத்துல ஒண்ணுமில்லேன்னு வந்துடுச்சே" என்றார் இவர். நானும் சரி என்றேன். அத்தை மட்டும் முணுமுணுத்தார்கள்: "காகிதம் என்ன வேணா சொல்லட்டும். புள்ளைக்கு மூச்சு வாங்குது."

அந்த ராத்திரி

புரட்டாசிக் கடைசி. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அத்தை கூப்பிட்ட குரலில் தூக்கிவாரிப் போட்டது. பட்டு படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி, வயிறு குழிந்து குழிந்து மேலெழும்ப, மூச்சுக்குப் போராடியது. நாக்கு ஊதா நிறம்.

உள்ளூர் டாக்டர் அந்த நேரத்திலும் கதவைத் திறந்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார். ஃப்யூரோசமைட் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார். விடிவதற்குள் பட்டு இரண்டு முறை சிறுநீர் கழித்து, மூச்சு கொஞ்சம் தணிந்தது. பொழுது விடிந்ததும் காரை அமர்த்திக்கொண்டு வேப்பேரிக்கு ஓடினோம்.

வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கப்பட்டது. இப்போது, 1989-ல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஊர் ஊராக ஜனங்கள் நாயையும் பூனையையும் தூக்கிக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்றேன். ஸ்கேனில் பட்டுவின் இதயம் துடிப்பதைத் திரையில் காட்டினார்கள். கதவின் இதழ் தடித்து, மேலே மடங்கி மடங்கி விழுந்தது. இடது மேல் அறையைப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக் குழாயோடு ஒப்பிட்டு அளப்பார்களாம். அந்த அளவு 1.6-க்குள் இருக்க வேண்டும். பட்டுவுக்கு 2.1. மறுபடி எடுத்த ரத்தத்தில் எண் 3,240. டிரோபோனினும் உயர்ந்திருந்தது.

"மே மாசம் 680-தானே டாக்டர் இருந்தது?" என்றேன்.

"ரத்தத்தை எப்படிக் கொண்டு போனீங்கம்மா?"

சொன்னேன். காந்தி ரோடு, ஜரிகை, கல்யாணப் பத்திரிகை, பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. "இந்தப் பொருள் சூட்டுல சிதைஞ்சு போகும். ரத்தத்தை உடனே பிரிச்சுக் குளிர்ல வைக்கணும். வெயில்ல கிடந்தா எண் உள்ளதைவிடக் குறைஞ்சு காட்டும். உங்க விஷயத்துல அதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஒரே நாய்க்கே நாளுக்கு நாள் இது கொஞ்சம் ஏறி இறங்கும். சிறுநீரகம் கெட்டிருந்தா, இதயம் சுமாரா இருந்தாக்கூட எண் ஏறும். அதனாலதான் இதைத் தனியா நம்பறதில்லை. காது ஒண்ணு சொல்லி, காகிதம் வேற சொன்னா, ஸ்கேனைக் கேக்கணும்" என்றார்.

இழந்த மாதங்கள்

இந்த நோய்க்குப் படிகள் வகுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கால்நடை உள்நோய் மருத்துவர்களின் அமைப்பு 2009-ல் வகுத்து, 2019-ல் திருத்தியது. வரக்கூடிய ஜாதி, ஆனால் இன்னும் வரவில்லை என்றால் 'ஏ'. சத்தம் இருக்கிறது, இதயம் பெருக்கவில்லை என்றால் 'பி-1'. இதயம் பெருத்துவிட்டது, ஆனால் நீர் கோக்கவில்லை என்றால் 'பி-2'. நீர் கோத்துவிட்டால் 'சி'. வழக்கமான மருந்துக்கு அடங்காமல் போனால் 'டி'. பட்டு நேராக 'சி'யில் போய் நின்றது.

'பி-2'விலேயே கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 11 நாடுகளைச் சேர்ந்த 360 நாய்களைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் இதயம் பெருத்தும் இன்னும் நீர் கோக்காதவை. பாதி நாய்களுக்குப் பிமோபென்டன் என்ற மாத்திரை; பாதிக்கு வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்ட நாய்களுக்கு நீர் கோப்பதோ இதய நோயால் முடிவு வருவதோ சுமார் 15 மாதம் தள்ளிப் போனது.

பதினைந்து மாதம்! நாயின் ஆயுளில் அது எவ்வளவு பெரிய காலம்! மே மாதத்தில் பட்டுவின் இதயம் எந்தப் படியில் இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய நேரத்தில் நாங்கள் பார்க்கவில்லை. அந்தக் கல்யாணப் புடவை நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால், கூலிப் பணத்தை எண்ணும்போது இவர் கை தயங்கியதை நான் பார்த்தேன்.

எழுத்து தெரியாது; எண் தெரியும்

ஊருக்குத் திரும்பும்போது மூன்று மருந்துகளும் ஒரு வேலையும் கொடுத்தார்கள். நீர் பிரிய ஃப்யூரோசமைட், இதயம் வலுவாகச் சுருங்கப் பிமோபென்டன், ரத்தக் குழாய்கள் தளர ஒரு மாத்திரை. வேலை என்னவென்றால், பட்டு அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ண வேண்டும். விலா ஏறி இறங்கினால் ஒன்று. தூக்கத்தில் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். தாண்டினால், அதிலும் நாளுக்கு நாள் ஏறினால், நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது என்று எச்சரிக்கை.

"நான் எண்றேன்" என்றார்கள் அத்தை. அத்தைக்கு எழுத்துப் படிக்க வராது. ஆனால், ஆயிரக்கணக்கான இழைகளைத் தப்பாமல் எண்ணிப் பழகியவர்கள். மகள் செல்போனில் ஒரு நிமிஷம் மணியடிக்க வைத்துக் கொடுத்தாள். இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அத்தை எண்ணி முடித்து, தினசரிக் காலண்டர் தாளில் அன்றைய எண்ணைப் பென்சிலால் எழுதுவார்கள். 24. 22. 23. 22. காலையில் தாளைக் கிழித்ததும் நூலில் கோத்து வைப்பார்கள்.

உப்பையும் நிறுத்தினோம். கருவாடு, அப்பளம், ஊறுகாய் பிசைந்த சோறு எல்லாம் பட்டுவுக்கு மிகப் பிடிக்கும். தெரியாமல் கொடுத்து வந்திருக்கிறேன். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். அதன் பிறகு பட்டுவின் பங்கைத் தாளிப்பதற்கும் உப்புப் போடுவதற்கும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவேன். 2023 ஜனவரியில் சோதித்தபோது எண் 1,850-க்கு இறங்கியிருந்தது. இந்த முறை ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, இவர் சைக்கிளில் எங்கும் நிற்காமல் கொண்டு போனார்! கூடவே சிறுநீரகத்துக்கும் சோதனை பார்த்தார்கள். நீர் பிரியும் மருந்து கொடுக்கும்போது அது அவசியமாம்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு நாள் 27. மறுநாள் 31. அதற்கு மறுநாள் 36. பட்டு சாப்பிட்டது, வாலை ஆட்டியது, வெளிப்பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. "காலையில டாக்டருக்குப் போன் போடு. ஏறுது" என்றார்கள் அத்தை. மறுநாளே கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் நீர் கோக்க ஆரம்பித்திருந்தது. மருந்தின் அளவைக் கூட்டினார் டாக்டர். மூன்றாம் நாள் 25-க்கு வந்துவிட்டது. ஊசி இல்லை, ஆக்ஸிஜன் இல்லை, நள்ளிரவு ஓட்டம் இல்லை. அன்று எடுத்த ரத்தத்தின் முடிவு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. அத்தையின் எண் அன்றிரவே வந்திருந்தது.

பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. "அக்கா, இது கொழந்தைக்கு ஒட்டிக்குமா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். ஒட்டாது. இது தொற்று நோயே அல்ல. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வால்வு கெடுவது பெரும்பாலும் வேறு வழியில். ஒரு வகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைச் சரியாக வைத்தியம் பார்க்காமல் விட்டால், மூட்டுவலியோடு கூடிய வாதக் காய்ச்சல் வந்து, அது வால்வைப் பாதிக்கும். ஆகவே, தாய்மார்களே, பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டைவலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொன்ன நாள் முழுவதும் மருந்து கொடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்குச் சில யோசனைகள்

1. சிறிய ஜாதி நாய்க்கு ஆறேழு வயதானால், வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். தடுப்பூசி போடும் நாளே போதும்.

2. இரவில் இருமல், படியேறத் தயக்கம், சீக்கிரம் களைப்பு, மயங்கி விழுதல் ஆகியவற்றை வயசு என்று ஒதுக்காதீர்கள். இருமலுக்கு வேறு காரணங்களும் உண்டு. டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

3. ரத்தச் சோதனைக்குக் கொடுத்தால், சொன்னபடி குளிரில் வைத்துச் சொன்ன நேரத்துக்குள் சேருங்கள். தாமதமாகிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. ஒரு எண்ணைப் பார்த்து அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம். சத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த எண்களை ஒப்பிடத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

5. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். ஓடி வந்து இரைக்கும்போதோ, கனவில் உதறும்போதோ எண்ணக் கூடாது. 30-ஐத் தாண்டினால் சற்று நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டருக்குச் சொல்லுங்கள். நாக்கு நீலம் பாய்ந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள்.

6. மருந்தை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மனிதர்களின் இதய மாத்திரையை எடுத்துக் கொடுக்கவே வேண்டாம்.

பட்டு 2024 மாசியில், ஒரு விடிகாலையில், அத்தையின் கட்டிலுக்குக் கீழே தூக்கத்திலேயே போய்விட்டது. அந்த ராத்திரிக்குப் பிறகு பதினாறு மாதம் எங்களோடு இருந்தது. முதல் நாள் இரவு எழுதிய எண் 29. மறுநாள் தாளை அத்தை கிழிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நான்தான் கிழித்தேன்.

இப்போது எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு பொமரேனியன் வைத்திருக்கிறார்கள். ஏழு வயது. போன மாதம் தடுப்பூசிக்குப் போனபோது லேசாகச் சத்தம் கேட்கிறது என்று சொன்னார்களாம். "பாக்கலாம், அப்புறம் போகலாம்" என்று இழுத்தார்கள். அத்தை தெருவில் இறங்கிப் போய் அவர்கள் வாசலில் நின்று, "அந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. தறி நின்னா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். போனார்கள். ஸ்கேனில் இதயம் பெருக்கவில்லை, 'பி-1', இப்போதைக்கு மருந்தே வேண்டாம், வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும் என்று வந்தது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு எதிர்வீட்டுப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "பாட்டி, மூச்சு எப்படி எண்றதுன்னு காட்டிக் குடுங்க" என்றாள். அத்தை செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.